வராத சட்டம்

இல்லாத ஒரு சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தி, இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை மருத்துவமனைக்குப் போகவிடாமல் செய்தவன் நான்.

சொல்லிவிட்டேன்... சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் என்மீது இரக்கப்பட்டிருக்கக்கூடும். அது எனக்கு வேண்டாம்.

அவர் பெயர் பாக்கியம். காஜா பெராங் என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் முனியாண்டி, ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மூன்று பெண் குழந்தைகள்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிவிட்டுத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், கிடைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. என் வயதுக்காரர்களுக்கெல்லாம் அப்போது ஒரு காய்ச்சல்... எதையாவது திருத்த வேண்டும், அதுவும் உடனே திருத்த வேண்டும்!

எனக்குக் கிடைத்தது கருக்கலைப்பு.

ஒருநாள் காலையில் பள்ளிக்குப் பின்னாலிருந்த கால்வாயில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்று கிடந்தது. எனக்கு முன்னால் என் மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அதற்கு விரல்கள் இருந்தன... அன்று முதல் நான் வேறு எதையும் பேசவில்லை. அங்கே கிடந்தது ஓர் உயிர் என்று அன்று நம்பினேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். நான் இங்கே ஒப்புக்கொள்வது அந்த நம்பிக்கையை அல்ல. அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை.

எங்கள் இளைஞர் மன்றம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்தது. கலைப்பு மருந்து விற்பவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர அவர் ஒப்புக்கொண்டார். கரு கலைந்து வரும் பெண்களைப் பற்றி மருத்துவமனை காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த வரி என்னுடையது! அவர் கேட்டது ஒன்றுதான்: பெண்கள் நம் பக்கம் இருப்பதைக் காட்டுங்கள்.

எப்படிக் காட்டுவது? எங்கள் பெண்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைரேகை என்றாலோ, கம்யூனிஸ்டுகளைத் தேடி வெள்ளைக்காரன் எல்லோரிடமும் ரேகை எடுத்த அவசரகாலம் நினைவுக்கு வந்துவிடும். மைப்பெட்டியைக் கண்டதுமே விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்கள்.

என் மூளைதான் வேகமாயிற்றே... சூடம்! எரிகிற சூடத்தை அம்மன் முன்னால் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால், அதற்கு மேல் என்ன கையெழுத்து வேண்டும்? வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற பெண்களைத் தீர்மானத்துக்கு ஆதரவாகச் சத்தியம் செய்யவைப்பது, அத்தனை பேரும் நம் பக்கம் என்று உறுப்பினரிடம் சொல்வது. மன்றத்தில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள்.

சத்தியத்துக்கு முன்னால் நான் பேசினேன். நன்றாகப் பேசினேன்... நன்றாகப் பேசியதுதான் கேடு. தீர்மானம் இன்னும் அவைக்கே வரவில்லை. நானோ அது சட்டமாகவே வந்துவிட்டதைப் போலப் பேசிக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார் என்றேன். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. அந்த மௌனம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது, தெரியுமா!

பாக்கியம் அக்காதான் கேட்டார்.

"தானா கலைஞ்சாலும் எழுதிக் குடுப்பாங்களா தம்பி?"

ஒரு நொடி. ஒரே நொடிதான் யோசித்தேன்.

"தானா கலைஞ்சதா, கலைச்சதான்னு டாக்டருக்கு எப்படிக்கா தெரியும்? எல்லாத்தையுந்தான் எழுதுவாரு."

அவர் தலையாட்டினார். முறை வந்தபோது சூடத்தின்மேல் கையை வைத்து அணைத்தார். கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க அணைக்கலியா வாத்தியாரே? ஆம்பளைங்கள மட்டும் சூடம் சுட்டுடுமோ?" என்றார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சட்டமன்றம் கூடுவதற்கு முந்தைய சனிக்கிழமை. உச்சி வெயில். உறுப்பினர் படிக்கவேண்டிய உரையை முன்னறையில் உட்கார்ந்து படியெடுத்துக்கொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பாக்கியத்துக்குக் காலையிலிருந்து இரத்தம் போகிறது, நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அழுகிறாளாம்.

"நெசமாவே புடிப்பாங்களா தம்பி? நீங்க சொன்னா அவ கேப்பா."

நான் சொன்னால் கேட்பார்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "மருந்து ஏதும் குடிச்சாங்களாண்ணே?" என்றேன். ஒரு மனிதன் வியர்த்து நடுங்கிக்கொண்டு நிற்கிறான், நான் அவனை விசாரிக்கிறேன்... தெரியவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

அப்படி ஒரு சட்டம் இல்லை, உடனே தூக்கிக்கொண்டு போங்கள். இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. ஏன் சொல்லவில்லை? தீர்மானம் கெட்டுவிடும் என்றா? பெண்கள் சத்தியத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள் என்றா? இல்லை... அதைவிடச் சின்னக் காரணம். நான் பொய் சொன்னேன் என்பது அந்த மூட்டை தூக்குகிற மனிதருக்குத் தெரிந்துபோகும். அவ்வளவுதான்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. மெம்பர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்று சைக்கிளை எடுத்தேன்.

உறுப்பினர் கோலாலம்பூருக்குப் போயிருந்தார். அது எனக்கு முன்பே தெரியும்! தெரிந்தே புக்கிட் பாருவில் இருக்கும் அவர் வீடு வரைக்கும் போனேன். பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குள் இரத்தம் நின்றிருக்கும், இதற்குள் நின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மெதுவாக மிதித்துத் திரும்பினேன்... எவ்வளவு மெதுவாக!

நின்றிருக்கவில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரர் சிட்டி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் பேச்சு எதுவும் அவருக்குப் புரிந்ததில்லை. அதனாலேயே அவருக்குப் பயமும் இல்லை. ரிக்‌ஷாவை நிறுத்தி, பாக்கியம் அக்காவை ஏற்றிக்கொண்டிருந்தார். கைகட்டி நின்ற முனியாண்டி அண்ணனைப் பார்த்து, "அபா துங்கு லாகி?" என்று மலாயில் கேட்டார். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறாய் என்று அர்த்தம். எனக்காகத்தான் காத்திருந்தார்.

நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன். மருத்துவமனையில் யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று மட்டும் டாக்டர் கேட்டார். முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பொழுது சாய்வதற்குள் அக்கா போய்விட்டார்.

தீர்மானம் என்ன ஆயிற்று? பார்வையாளர் பகுதியில் நானும் உட்கார்ந்திருந்தேன். இது மத்திய நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, இந்த அவை எடுத்துக்கொள்ள முடியாது என்றார் சபாநாயகர். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது பண்டார் ஹிலிரில் கடைகள் எப்போதும்போல் திறந்திருந்தன.

வராத சட்டம்... ஆனால் எங்கள் வரிசையில் அது வந்துவிட்டது. பிறகு நான் வீடு வீடாகப் போய், அப்படியொரு சட்டமே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேனாம். சட்டம் இல்லையென்றால் பாக்கியம் ஏன் பயந்து கிடந்தாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நான் சொன்ன பொய்க்கு அவர் சாவே சாட்சியாக நிற்கிறது. நான் என்ன செய்ய? களைத்துப்போனேன்... உண்மையாகவே களைத்துப்போனேன்.

முனியாண்டி அண்ணனிடம் மட்டும் போகவில்லை. போகமுடியவில்லை. ஏனென்றால், கருமாதி முடிந்த மறுநாள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் அன்னிக்கு மெம்பர் வீட்டுக்கு ஓடலேன்னா போலீசு வந்திருக்கும் தம்பி. அவ பேரு கெட்டிருக்கும். மூணும் பொம்பளப் புள்ளைங்க..."

என் கை அவர் கைக்குள் இருந்தது. நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

போன தீபாவளிக்கும் மூத்தவளிடம் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பியிருந்தார். முறுக்கு கருகியிருந்தது, அவளே சுட்டதாம். வாங்கி என் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டேன். தட்டுக்காக அவள் வாசலிலேயே நின்றாள். வெறும் தட்டைத் திருப்பித் தருவது எங்களில் வழக்கமில்லை. கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன்.

இதுவரை அந்த வீட்டுக்கு நான் திருப்பிக் கொடுத்திருப்பது அந்தச் சீனிதான்.