அத்தைக்கு ரெஸ்ட் கொடுக்கப் போனோம்

நேற்று காலை ஆறரை மணிக்கு பங்களா ஓனரே வந்து என் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க, உங்க மாமியாரைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (அத்தைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆனது அத்தைக்கு இல்லை.)

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நெய்க்காரப்பட்டி பக்கம் ஒரு பழைய ஜமீன் பங்களா. ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த பிரபு அதைப் பழுதுபார்த்து, சுற்றிலும் இயற்கை விவசாயம் செய்து, விருந்தினர்களைத் தங்க வைக்கிறார்.

அங்கே என் மனைவி ரூம் போட்டது எனக்காக இல்லை, அவள் அம்மாவுக்காக. நிலக்கோட்டைப் பக்கம் அத்தைக்குச் சொந்தமாக மல்லிகைத் தோட்டம் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டோடு எழுந்து பூப்பறித்தே பழகிய கை.

"ரெண்டு நாளாச்சும் அம்மா சும்மா இருக்கணும். அது உங்க பொறுப்பு" என்று மனைவி உத்தரவு போட்டாள்.

இதென்ன பெரிய வேலை என்று நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் பிரபு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். வராந்தாவில் அவர் தாத்தா காலத்துத் தேக்கு மேசை. மூன்று மாதம் பாலிஷ் போட்டதாம், தண்ணீர் டம்ளர்கூட வைக்கக் கூடாதாம்.

அப்புறம் மல்லிகைத் தோட்டம். காலை ஏழு மணிக்கு 'பூப்பறிக்கும் அனுபவம்' உண்டு என்றார். ஆளுக்கு ஒரு ரிப்பன் கட்டிய குட்டிக் கூடை.

"ஏழு மணிக்கா? வெயில் ஏறிப்போயிருமே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை செடிகளுக்குள் நுழைந்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் பிரபு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் பறிக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஒரு கல்யாண ஜோடிக்கு, பூத்த செடிகளுக்கு நடுவே போட்டோ ஷூட் இருக்கிறது.

இதை அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டியது யார்? நான்தான். அன்று ராத்திரி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் பிரமாதம், சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

இப்போது மறுபடி ஆறரை மணிக்கு வாருங்கள்.

தோட்டம் முழுக்க வெறும் பச்சை இலை.

தேக்கு மேசையில் ஈரத்துண்டு. துண்டின் மேல் ஒரு குன்று மல்லிகை மொட்டு. பக்கத்தில் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு அத்தை.

"தராசு எங்க தம்பி? மூணு கிலோ தேறும்."

பிரபு போட்டோ ஷூட்டைப் பற்றி மெதுவாகச் சொன்னார். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அத்தை ஒரு மொட்டை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்.

"செடியில இருந்தா என்ன, நாருல இருந்தா என்ன? சாயங்காலம் மலரத்தான போகுது. வாழைநாரு கெடைக்குமா?"

அவ்வளவுதான், பங்களா கைமாறிவிட்டது.

ஓய்வெடுக்க வந்திருந்த பெங்களூர்த் தம்பதி நார் கிழித்தார்கள். பிரபு நாலு நாலாக மொட்டு எடுத்துக் கொடுத்தார். நான் கட்டிய சரத்தை அத்தை மூன்று தடவை பிரித்துப் போட்டார். (மாப்பிள்ளைக்கு மரியாதையெல்லாம் கல்யாணத்தன்றோடு சரி.)

சாயங்காலம் வராந்தாவில் தூணுக்குத் தூண் சரம் தொங்கியது. வெளிச்சம் மங்க மங்க அத்தனை மொட்டும் விரிந்தது. கல்யாணப் பெண் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்பத்தில் பாதிப் படங்களில் கல்யாண மாப்பிள்ளைக்குப் பின்னால் அத்தை நின்று சரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

மேசையில் மட்டும் துண்டு அளவுக்கு ஒரு வெள்ளைக் கறை. பிரபு அதன்மேல் ரிப்பன் கூடைகளை அடுக்கி மறைத்துவிட்டார்.

இன்று ஊருக்குத் திரும்பினோம். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அத்தை பின்சீட்டில் தலை சாய்ந்து அயர்ந்துவிட்டார்.

"மெதுவா ஓட்டுங்க. ரெண்டு நாள்ல அம்மா எடுக்குற ரெஸ்ட்டு இதுதான்" என்றாள் மனைவி. ஒன்றரை நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. மனசு லேசானது.

அப்போது பிரபுவிடமிருந்து மெசேஜ். மனைவி தணிந்த குரலில் வாசித்தாள். அடுத்த மாதமும் ஒரு போட்டோ ஷூட் இருக்கிறதாம், அம்மா வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

பின்சீட்டில் கண் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எத்தன ஆளு வேணும்னு கேளு. வேன்ல கூட்டிட்டு வாரேன்."