சிறையிலிருந்து வந்த வாழ்த்துதல்

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் நிருபம், அதாவது பைபிளிலுள்ள கடிதங்கள், வாசிப்பார். பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபம் என்றால் குரலே இளகிவிடும். முடிவில் பவுல் வாழ்த்துச் சொல்கிற பெயர்களை மற்றவர்கள் அவசரமாக விழுங்கிவிடுவார்கள். அப்பா ஒன்றைக்கூட விடமாட்டார். "ஜெயில்ல உக்காந்து ஒவ்வொருத்தரையா நெனச்சிருக்காரு. நமக்கு வாசிக்கக் கஷ்டமா?" என்பார்.

அதே அப்பா, அடிதடி வழக்கில் தண்டனை பெற்று திருச்சி ஜெயிலில் இருந்த என் தம்பியை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. "எனக்கு மகனே இல்ல" என்று சொல்லிவிட்டார். அவர் உருகி உருகி வாசிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தம்பியின் கடிதம் வந்தது. அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தேன். அப்பா எங்களைப் பார்க்காமலே டிவி சத்தத்தைக் குறைத்தார். சாப்பாடு, முதுகுவலி எல்லாம் எழுதிவிட்டு, சர்ச் பழக்கம் விடுமா, கடைசியில் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துதல் சொல்லியிருந்தான். அம்மாவுக்கு, எனக்கு, என் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, சர்ச்சில் மணியடிக்கிறவருக்குக்கூட. வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன்.

டிவியையே பார்த்துக்கொண்டு அப்பா கேட்டார்: "பின்பக்கம் பாத்தியாம்மா?"