பதிவு இலவசம், சாட்சி இரண்டு

இலவச வீடியோ பாடம் எடுப்பது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற வேலை என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்கியவள்தான். உண்மையில் அது போனை எடுத்துப் பதில் சொல்கிற வேலை. இணையத்தில் எதையாவது ஓசியில் கொடுத்துப் பார்த்த ஜீவன்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் மேடமாக இருந்தேன். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தில் எங்கே குறை தெரிகிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அதை விட்டுவிட்டு, தமிழில் வலைப்பதிவு எழுதக் கற்றுக்கொடுக்கப் பத்து வீடியோ பாடங்கள் தயாரிக்க இறங்கினேன். கேமராவும் எடிட்டிங்கும் இம்தியாஸ் பாய். பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பாடம் தொடங்கிய வாரமே கம்பெனியிலிருந்து போன் வந்தது. செக்கிங் இன்சார்ஜாகத் திரும்பி வரச் சொன்னார்கள். முதல் பேட்ச் முடியும்வரை டைம் கேட்டேன். பத்துப் பாடமும் முடித்து, ஒரே ஒருத்தர் தன் பெயரில் ஒரு பதிவு போட்டு, அதை எடுக்காமல் வைத்திருந்தால் நான் கேமராவோடு இருப்பேன். இல்லாவிட்டால் பழையபடி அம்புதான். என் பாடத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இம்தியாஸ் பாய்தான் தலையைச் சொறிந்தார்: "ஒருத்தர் போதும்ன்றீங்க. அந்த ஒருத்தர் யாரு மேடம்?"

பத்திரத்தோடு வந்தவர்

பாடத்துக்கு நான் வைத்த பெயர் 'பதிவு போடலாம் வாங்க, முற்றிலும் இலவசம்'. இம்தியாஸ் பாய் அதைப் போஸ்டராக்கி, என் எண்ணையும் சேர்த்து, சுற்றுப்பட்ட ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் விட்டுவிட்டார். ஒடுகத்தூரிலிருந்து கோவிந்தசாமி என்பவர் லொகேஷன் கேட்டார். முதல் மாணவர் என்ற சந்தோஷத்தில் உடனே அனுப்பினேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேர், ஆதார் கார்டும் கையுமாக. ஒருவர் மச்சான், இன்னொருவர் பக்கத்து நிலத்தில் பயிர் வைக்கும் கொல்லைக்காரர்; சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். வேர்க்கடலை போடுகிற நிலத்தை மகள் பெயருக்குப் பதிவு செய்ய வேண்டுமாம். நான் சொல்லித் தருவது எழுத்து என்றேன். "நானும் எழுதத்தானே வந்தேன்?" என்றார். டீ கொடுத்து, முதல் பாடத்தைப் போனில் போட்டுக் காட்டி, சமாதானத்துக்கு அவரையும் பாடத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார்: "பதிவு இலவசம்னு போட்டுக்கினு பத்திரம் எழுதத் தெரியாதுன்றீங்களே, இன்னாம்மா இது?"

டொக் டொக்

பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில் தோல் வெட்டும் கிளிக்கிங் மிஷின் ஓடுகிறது. அச்சை வைத்து அழுத்தினால் ஒரு துண்டு. துண்டுக்கு ஒரு 'டொக்'. நான் "தலைப்பு என்பது" என்றால் ஒரு டொக். "வாசகரை உள்ளே இழுக்க வேண்டும்" என்றால் இரண்டு டொக். ஜன்னலில் போர்வை கட்டிப் பார்த்தோம். அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஷூட்டிங் வைத்துப் பார்த்தோம். அவசர ஆர்டர் என்று அன்றைக்குப் பார்த்துச் சாப்பிடாமல் ஓட்டினார்கள்.

கடைசியில் 'போனால் போகிறது' என்று மூன்றாம் பாடத்தை டொக்கோடேயே ஏற்றினேன். நான் உயிரைக் கொடுத்துத் தயாரித்த பாடம் அது. முதல் பத்தி எப்படி எழுதுவது என்று மூன்று உதாரணங்கள் காட்டியிருந்தேன். இராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் முழுவதும் பார்த்துவிட்டுக் கீழே கருத்து எழுதியிருந்தார்: "வீடியோ அருமை மேடம். பின்னாடி ஓடுற மிஷின் நல்ல கண்டிஷன்ல இருக்குற மாதிரி தெரியுது, குடுக்குற ஐடியா இருக்கா?"

இலவசம் என்றால்

குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் ஒருவர், நாலு பாடம் பார்த்த பிறகு போன் செய்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் ஏற்றுமதியில் கழித்த சரக்குதான் கம்மி விலைக்குக் கடைக்கு வரும் என்பதை மறந்துவிட்டேன். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஃப்ரீயா தர்றீங்களே மேடம், இது எக்ஸ்போர்ட்ல ரிஜெக்ட் ஆன பாடமா?"

சிவப்பு அம்பு

ஐந்தாம் பாடத்துக்குப் பிறகு பயிற்சி: ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். நாற்பது சொச்சம் பேர் இருந்த குழுவில் பதினைந்து பேர் அனுப்பினார்கள். எனக்குக் கை பரபரத்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, பிழைக்கு ஒரு சிவப்பு அம்பு வீதம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒற்று விட்டால் அம்பு, வாக்கியம் நீண்டால் அம்பு. செய்து முடித்தபோது மனசு அப்படி ஒரு திருப்தியில் இருந்தது. அடுத்த வாரம் மூன்று பேர் அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரம் ஒருத்தி மட்டும்.

அந்த ஒருத்தி ஷாஹீன். நான் செக்கிங்கில் இருந்தபோது எங்கள் லைனில் தைத்துக்கொண்டிருந்தவள். இன்றைக்கும் அங்கேதான் தைக்கிறாள். வீட்டில் உருது, எழுதுவது தமிழ். மற்றவர்கள் ஏன் ஓடினார்கள் என்று அவளிடமே கேட்டேன். இங்கிதம் பார்க்காமல் சொன்னாள்: "கம்பெனில அம்பு ஒட்டுனா பீஸு எங்க டேபிளுக்கு திரும்பி வரும், ரிப்பேர் பண்ணுவோம். நீங்க அம்பு மட்டும் ஒட்டுறீங்க மேடம், எப்படி ரிப்பேர் பண்றதுன்னு சொல்லவே இல்லியே."

நேச்சுரல் மார்க்

அதன் பிறகு அம்பை விட்டேன். திருத்துவது எப்படி என்று தனியாக ஒரு பாடம் எடுத்தேன். இன்றைக்கும் என் பாடங்களில் அதுதான் உருப்படி. ஷாஹீன் பத்தாம் பாடம்வரை வந்துவிட்டாள். கடைசிப் பயிற்சிக்கு அவள் எழுதியது இப்படித் தொடங்கியது: 'எட்டு வருஷமா ஷூவுக்கு நாக்கு தைக்கிறேன். முழு ஷூவை ஒரு நாளும் பார்த்ததில்லை. இங்கே மேல்பாகம் மட்டும்தான், மீதி எங்கேயோ. நினைச்சா ரொம்ப பேஜாரா இருக்குது.'

இரண்டு தடவை படித்தேன். பதினோரு வருஷம் செக் பண்ணிய நானும் பார்த்ததில்லை, பார்க்கவில்லையே என்று தோன்றியதும் இல்லை. ஆனால் பழக்கம் விடுமா? 'பேஜார்' என்பதைச் 'சலிப்பு' ஆக்கினேன். 'ஜாஸ்தி'யை 'அதிகம்' ஆக்கினேன். 'தோஸ்த்' தோழியானாள். திருப்பி அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் வந்தது.

"மேடம், தோலுல பூச்சி கடிச்ச தழும்பு இருந்தா நீங்க அம்பு ஒட்டுவீங்களா?"

"ஒட்ட மாட்டேன். அது ஆட்டுத் தோலோடயே வந்தது. பாஸ்தான்."

"பேஜாரும் அப்படித்தான். அது டேமேஜ் இல்ல மேடம், நேச்சுரல் மார்க்."

பதிவு செல்லும்

'பேஜார்' என்ற தலைப்பிலேயே, தன் பெயரிலேயே ஷாஹீன் அதை ஏற்றினாள். இம்தியாஸ் பாய் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமோசா கொடுத்தார். நான் கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லத் தயாரானேன். ஆனால் ஒரு வாரம் ஆகியும் பதிவின் கீழே ஒரு வரி இல்லை. குழுவில் ஒரு கைதட்டல் பொம்மைகூட விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷாஹீனிடமிருந்து செய்தி வந்தது. 'யாரும் பாக்கல மேடம். வெக்கமா இருக்குது. சாயந்திரம் எடுத்துடறேன்.' திங்கட்கிழமை காலை நான் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பயமாக இருந்தது, ஒளிப்பானேன்.

மத்தியானம் அந்தப் பதிவின் கீழே இரண்டு கருத்துகள் வந்தன. ஒன்று: 'படித்தேன். உண்மை. சின்னப்பையன் மகன் முருகேசன், ஒடுகத்தூர்.' அடுத்தது: 'படிக்கக் கேட்டேன். எனக்கும் பேஜாராக இருந்தது. முனுசாமி மகன் ஏழுமலை, ஒடுகத்தூர்.' அப்பா பெயரோடு கருத்துப் போடும் வாசகர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஷாஹீனிடமிருந்து செய்தி: 'எடுக்கல மேடம். இன்னொண்ணு எழுதறேன்.' சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே நினைவில்லை. விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், கம்பெனிக்கு வரவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

அப்புறம் கோவிந்தசாமிக்குப் போன் போட்டேன். குழுவை விட்டு எப்படி வெளியே போவதென்று தெரியாமல் பத்துப் பாடமும் பார்த்திருக்கிறார் மனுஷன். மச்சானையும் பக்கத்துக் கொல்லைக்காரரையும் நீங்களா எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பின்ன? பதிவுன்னா ரெண்டு சாட்சி வோணாமாம்மா? இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா கெடைச்சாங்க. இனிமே அந்தப் பொண்ணோட பதிவு செல்லும்."

இலவசமாகப் பாடம் எடுப்பவருக்குப் பட்டா கிடைக்காவிட்டாலும் அப்பா பெயரோடு சாட்சி கிடைக்கும் என்பதை, அம்பு ஒட்டிப் பிழைத்த நான் இங்கே பதிவு செய்கிறேன்.