உப்புக்கு மணமில்லை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அன்று காலை மரண அறிவித்தலில் வந்த பெயரை நான் முதலில் கவனிக்கவில்லை. தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னதில் யாரோ போலத்தான் கேட்டது. தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை அறிவித்தபோது "படவரைஞர் நசீர்" என்றார்கள். கையில் இருந்த கோப்பையை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. முதல் நாள் மாலை அலுவலக வாசலில் "நாளைக்குக் காண்பம் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

நசீரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைவது அவர் வேலை. கோடு சற்றுப் பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். மத்தியானம் அவர் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்து மேசைக் கோப்புகள் தாமாகவே மூடிக்கொள்ளும். மாசிக் கருவாட்டுச் சம்பலில் ஒரு கரண்டியாவது மிஞ்சி அவர் வாய்க்குப் போனதை நான் கண்டதில்லை. நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும் போலும்.

எங்கள் பொறியியலாளர் ஒரு நாள் விரலை நக்கிக்கொண்டே, "நசீர், வேலையை விட்டுட்டுக் கல்முனையில ஒரு கடை போடுங்களேன்" என்றார். நசீர் உண்மையாகவே பயந்துபோனார். "ஐயோ சேர், கடை போட்டாக் கை அவசரப்படும். வேல சம்பளத்துக்கு, அடுப்பு ஆசைக்கு. ரெண்டையும் கலந்தா ரெண்டும் அடிப்பிடிக்கும்" என்றார். சாய்ந்தமருதில் அவர் வீட்டு அடுப்பங்கரையில், சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு நிற்கும் நசீரைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பதிலின் அர்த்தம் புரியும். நாள் முழுவதும் குனிந்திருந்த முதுகு அங்கே நிமிர்ந்துவிடும்.

நான் வியந்து வாய் பிளந்து நின்றதெல்லாம் நோன்பு மாதத்தில்தான். வேலை முடிந்து வந்ததும் தெருவுக்கே போதுமான கஞ்சியைத் தன் கையால் காய்ச்சுவார். விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடப் படாத வாய். ஒரு துளி ருசி பார்க்காமல், காதாலும் மூக்காலும் சமைப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டே, "கேட்டியா, சத்தம் தடிச்சிட்டு. அரிசி அவிஞ்சிரிக்கி" என்பார். மூடியைத் திறந்து பார்த்தால் அரிசி மலர்ந்திருக்கும். வாசலில் நின்றபடி, "வெந்தயம் இன்னும் பச்சையாக் கிடக்கு" என்பார். அந்தக் கணிப்பு ஒரு நாளும் பிழைத்ததில்லை. இது மனிதக் கைதானா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் தோற்பார். "எல்லாத்துக்கும் மணமிரிக்கி. உப்புக்குத்தான் மணமில்ல. அதுக்குத்தான் நீ" என்று என்னிடம் கரண்டியை நீட்டுவார். நோன்பில்லாத நாக்கு அவருக்கு வேண்டியிருந்தது. கல்முனையில் சைக்கிள் தூரத்தில் என் நாக்கு இருந்தது. நாக்கு நுனியில் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று கேள்விப்பட்டு அதை அவரிடமே கேட்டேன். "இடமிரிக்கி மச்சான். நீ இரிக்கக்குள்ள எனக்கென்னத்துக்கு அந்த இடம்?" என்றார். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. இறைச்சி போடுமுன் எனக்கென்று ஒரு சிறிய சட்டியில் எடுத்து வைப்பார். அதில் நான் பார்த்துச் சொன்ன உப்பை வைத்தே பெரிய பானைக்குக் கணக்குப் பிடிப்பார்.

என் வேலைக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். "நல்லாரிக்கி எண்டு சொல்லாத. அது குடிக்கிறவன்ட முகத்துல தெரியும். நீ என்ன குறையெண்டு சொல்லு."

பிறகு ஒரு கெட்ட வருடம் வந்தது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முறுகி, அடுத்த ஊர்க்காரன் முகத்தைப் பார்க்கவே ஆட்கள் தயங்கிய நாட்கள். நோன்பு தொடங்கியும் நசீரின் அழைப்பு வரவில்லை. "இண்டைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க" என்று என் மனைவி மறித்தார். ஆனால் நாலு மணியானதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சி வெந்து இறக்கியிருந்தது. பக்கத்தில் உப்புப் போத்தல் மூடியபடியே இருக்க, நசீர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் கூப்பிடல்ல?" என்றேன்.

"வழியில உனக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்ற? அதான் கூப்பிடல்ல. ஆனா உப்புப் போடவும் மனம் வரல்ல."

"நான் வராட்டி?"

"உப்பில்லாமக் குடிச்சிரிப்பம்."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். தெருவே காத்திருந்த கஞ்சியை, நான் வரக்கூடும் என்பதற்காக அந்த மனிதர் உப்பில்லாமல் வைத்திருந்தார். ஒரு நட்புக்கு இவ்வளவு மரியாதை செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த வருட நோன்புக்குச் சில நாட்களுக்கு முன்தான் அவர் போனார். முதல் நோன்பன்று நாலு மணிக்கு நான் கைபேசியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அது அடித்தது. நசீரின் மகள் ஷிபா. "மாமா, உம்மா கஞ்சி காய்ச்சிரிக்கா. உங்களுக்கு வர ஏலுமா?"

ஷிபாவின் தாய் ரமீசா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் சில மாதங்கள் அந்நிய ஆண்கள் முன் வராமலிருக்கும் வழக்கம் அது. அடுப்படி வாசலில் திரை தொங்கியது. நசீரின் மருமகன் என்னைக் கதிரையில் இருத்தினார். ஷிபா அதே கரண்டியை நீட்டினாள். திரைக்குப் பின்னால் ரமீசா நின்றிருந்தார். நோன்புக் கஞ்சிப் பானையைக் கணவர் வேறு யார் கையிலும் விடாத வீட்டில், ரமீசா முதல் தடவையாக அதைக் காய்ச்சியிருக்கிறார்.

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு ஓடிவிடத்தான் மனம் துடித்தது. அந்தப் பெண்ணிடம் எப்படிக் குறை சொல்வது? ஆனால் கரண்டி நசீருடையது.

"உப்புக் கொஞ்சம் காணாது" என்றேன்.

உப்புப் போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரமீசாவின் குரல், உடைந்து, ஆனால் தெளிவாக: "அவரும் கொறச்சித்தான் போடுற. 'கூடினா எடுக்கேலா. கொறஞ்சா மச்சான் வந்து சொல்லுவான்' எண்டு சொல்லுவார்."

நான் அழுதேன். மருமகன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நசீர் என்னிடம் விட்டுப் போனது என் நாக்கைத்தான். அதில் பொய் ஏறாமல் காப்பது இனி என் பாடு. மறுநாள் வெள்ளிக்கிழமை. இறைச்சி போடுமுன் எனக்கு எடுத்து வைக்கவேண்டுமே என்று ஷிபாவுக்கு எப்படிச் சொல்வது என யோசித்தபடி செருப்பை மாட்டினேன். கிணற்றடியில் அந்தச் சிறிய சட்டியை ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.