ஒபுசோனில் அக்கா நெய்து முடித்தது

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாக யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த அக்கா, ஒஸ்லோவில் எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. ஒஸ்லோவில் அவரை அறிந்தவர்கள் பலர். அதற்கு முன் அவர் வாழ்ந்த பிரெஞ்சு ஊரைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. தங்கை என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் ஒஸ்லோவில் இருந்த அத்தானுக்கு அக்காவை நிச்சயித்து, முகவர் ஒருவர் மூலம் அனுப்பினார்கள். முகவரால் அதற்கு மேல் அனுப்ப முடியாமல் பயணம் பாரிசோடு நின்றது. அகதியாகப் பதிந்த அக்காவை ஒபுசோன் என்ற சிற்றூரின் தங்குமிடத்துக்கு அனுப்பினார்கள். சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரக் கம்பளங்களை நெய்வதில் பல நூற்றாண்டுகளாகப் பேர்பெற்ற ஊர் அது. வேறு தமிழர் எவரும் அங்கில்லை.

பிரெஞ்சு படிப்பித்த பெண்மணி ஒருநாள் நெசவுக்கூடத்தைக் காட்டினார். மறுநாள் அக்கா தனியே போனார். முதலில் கம்பளி நூல்களை நிறம் பிரித்துக் கொடுத்தார். பிறகு பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கம்பளத்தின் பின்பக்கத்தைப் பார்த்தே நெய்வார்கள். தறியிலிருந்து வெட்டி இறக்கும் நாளில்தான் முன்பக்கம் முழுதாகத் தெரியும். பயிற்சி முடிந்ததும், மூன்று பெண்கள் அருகருகே இருந்து நெய்த ஒரு காட்டுச் சித்திரத்தில் இடப்பக்கத்தை அக்காவிடம் ஒப்படைத்தார்கள்.

அது பாதியில் இருந்தபோது நோர்வேக்கு வர அனுமதி கிடைத்தது. அத்தான் தொலைபேசியில் கேட்டார்.

"எப்ப வாறீர்?"

"இது முடியட்டும். இடையில எழும்பினா மற்ற ரெண்டு பேரும் என்ன செய்யிறது?"

"வேற ஆக்கள் இருக்கமாட்டினமோ?"

"இருப்பினம். ஆனா அது என்ரை பக்கம்."

செய்தி ஊருக்கு எட்டியது. அக்காவுக்கு அங்கே யாரோடோ தொடர்பு என்று உறவினர் கதைத்தார்கள். அப்பா நிச்சயத்தை முறிக்கத் தயாரானார். அம்மா சாப்பிடாமல் கிடந்தார். அத்தானின் வீட்டார் வேறு பெண் பார்க்கத் தொடங்கினார்கள். தான் அழுததாக அக்கா பிற்காலத்தில் என்னிடம் சொன்னதுண்டு. நெசவை விட்டுவிட நினைத்ததாக ஒருபோதும் சொன்னதில்லை.

ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்த அத்தான், விடுப்பு எடுத்து ரயிலேறி ஒபுசோனுக்குப் போனார். "இருங்கோ, பின்னேரம் வேலை முடியும்" என்று வாங்கு ஒன்றைக் காட்டிவிட்டு அக்கா தறிக்குத் திரும்பினார். அத்தான் பின்னேரம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆற்றோரம் நடந்தபோது, "இன்னும் எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"குளிர்காலம் முடியும்வரை."

"சரி. நான் வீட்டில கதைக்கிறன்."

அப்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, ஒரு பிழையுமில்லை. வேலை முடிய வருவா."

வெட்டி இறக்கிய நாளில் அத்தானும் மறுபடி அங்கே வந்திருந்தார். அவ்வூர் வழக்கப்படி வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, தறியில் நெடுக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை வெட்டினார்கள். அத்தானிடமும் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். கம்பளத்தைத் திருப்பி விரித்தபோது அக்கா தன் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "குருவியின்ரை கண் கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்றாராம்.

ஒஸ்லோ வந்து திருமணம் செய்து, அந்நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் குடியிருந்து, இரு பிள்ளைகளை வளர்த்தார். கடைசிவரை சிறுவர் பாடசாலையொன்றில் வேலை செய்தார். தறியில் மீண்டும் இருக்கவில்லை. கவலையில்லையா என்று கேட்டேன். "முடிச்சுப்போட்டுத்தானே வந்தனான்" என்றார். கண்டிப்பானவர், உறவினரின் சண்டைகளைக்கூடப் பாதியில் விட விடமாட்டார். புற்றுநோய் வந்தபோது மருத்துவரிடம் நேராகக் கேட்டறிந்து, எங்களுக்கும் தானே சொன்னார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த மாடி அயலவருக்கும், இறுதிக் கிரியைக்கு ஒபுசோனிலிருந்து வந்து எம்மோடு நின்ற தோழியர் இருவருக்கும் எங்கள் நன்றி.

அத்தான் அக்காவை ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்த அத்தான் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்தச் சொன்னார்.

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை. அவ வந்தவ."