எஸ்தர் அக்காவின் முப்பது வருடத் தவறு

லோயர் கேம்ப்பில் ஒரு தோட்டத்து மோட்டார் பெட்டியைத் திறந்துவைத்து நின்றபோது எஸ்தர் அக்காவின் கணவர் போனில் பேசினார். "உங்க அக்கா காலைல போயிட்டா மாரி. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசலக்கூட மிதிக்கல." பெட்டியை மூடாமலே பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து தோட்டக்காரரைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன். அக்கா இருந்திருந்தால் அதற்கும் ஒரு வாங்கு வாங்கியிருப்பார்.

போடி கடைவீதியில் அவரை பைப் கடை எஸ்தராக மட்டும் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், கல்லாவில் உட்கார்ந்தபடியே பைத்தான் கற்றவர் அவர். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளில் புதிதாக வருபவரை மிரட்டாத மொழி அது. போன் பிரவுசரில் ஓடும் பைத்தானில் தொடங்கி, லேப்டாப்புக்கு வந்து, தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டில் ஓடும் மைக்ரோபைத்தான் வரை போனார். நான் ஒயரிங், அவர் புரோகிராம் என்று தோட்டங்களுக்கு, மோட்டாரையும் ஹீட்டரையும் நேரம் பார்த்துத் தானாக இயக்கும் ஆட்டோமேட்டிக் பெட்டிகள் செய்து கொடுத்தோம். "எல்லாம் ஒரே பாஷைதாம்லே. வீட்டுக்கு வீடு சாம்பார் மாதிரி ருசி கொஞ்சம் மாறும்" என்பார். அந்தக் கொஞ்சம்தான் எங்களைக் கவிழ்த்தது.

தேவாரம் ஊர் தங்கவேல் அண்ணனுக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம். ஏலக்காய் காயவைக்கும் அறைக்கு எங்களிடம் பெட்டி கேட்டார். குறித்த நேரம் கழிந்ததும் அது சூட்டைக் குறைக்க வேண்டும். தவறினால் காயின் பச்சை போய்விடும். தொடங்கும் நேரத்தை லேப்டாப் அனுப்பியது, கழிந்த நேரத்தை போர்டு கணக்கிட்டது. லேப்டாப்பின் பைத்தான் 1970லிருந்து நொடிகளை எண்ணுகிறது. எங்கள் போர்டில் இருந்த மைக்ரோபைத்தானோ 2000லிருந்து எண்ணியது. போர்டைப் பொறுத்தவரை, காயவைக்கும் வேலை தொடங்க இன்னும் முப்பது வருடம் இருந்தது. சூடு குறையவே இல்லை. அந்தப் பருவத்தின் முதல் பறிப்பு முழுவதும் வைக்கோல் நிறமானது.

தங்கவேல் அண்ணன் கேட்டதும், "கரண்டு ஏறி எறங்கிருக்குண்ணே" என்று கூசாமல் சொன்னேன். ஸ்டெபிலைசரை நானே பார்த்திருந்தேன், கரண்ட் சீராகத்தான் இருந்தது. அவர் வெறுமனே தலையாட்டினார். போடிக்கு வந்து அக்காவிடம், "தப்பிச்சோம்க்கா, கரண்டு மேல போட்டுட்டேன்" என்றேன். அவர் அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்திருந்தார். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஜீப் ஏறினார்.

"தப்பு என்னுதுண்ணே" என்றார் தங்கவேல் அண்ணனிடம். "லேப்டாப்புல ஓட்டிப் பாத்தேன். போர்டுல முழுசா ஓட்டிப் பாக்கல."

"அப்ப மாரி கரண்டுன்னானே?"

"அவனுக்குத் தெரியாது. கரண்டுன்னு நெசமாவே நம்பிட்டான்."

பொய் என்றாலே சீறுகிறவர், என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னார். அடுத்த பறிப்புக்குத் தெர்மாமீட்டரோடு வந்து, பகல் முழுக்க அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காய் பச்சையாக வந்தது. நான் சொன்ன கரண்ட் பொய்யைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அடக்கத்துக்குத் தங்கவேல் அண்ணனும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்ப்பா. ஸ்டெபிலைசரு என் கண்ணு முன்னாடிதான இருந்துச்சு" என்றார். "தன் தப்ப மறைக்காத அம்மா, ஒன் தப்ப மறைச்சாக. அதான் ஒங்க ரெண்டு பேரையும் விடாம வச்சுக்கிட்டேன்."

போன வாரம் கடமலைக்குண்டில் நாங்கள் செய்த பெட்டி ஒன்று நின்றுபோனது. கரண்ட் கோளாறா என்று தோட்டக்காரரே எடுத்துக் கொடுத்தார். "இல்லண்ணே, ஒயரிங்ல என் தப்பு" என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பேச்சுதான். சொல்லும்போது நாக்கு இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது.