கெடிலத்தில் போன கல்

சத்யப்பிரியா என்ன படிக்கிறாள் என்பது மஞ்சக்குப்பத்துச் சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிபடவே இல்லை. சிதம்பரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று சொன்னால் போதும், மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். "நான் கல்லுக்குத்தான் டாக்டரு, அத்தே" என்பாள். கேட்டவர்கள் இந்தப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகப்போகிறதோ என்ற முகத்தோடு நகர்ந்துவிடுவார்கள்.

அவளுடைய அப்பா சடையப்பன் மட்டும் விடமாட்டார். அரசாங்க ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீக்கடையில் யார் மாட்டினாலும் பிடித்து உட்கார வைத்துக்கொள்வார். "பூமிக்கு அடியில சூட்டுல கல்லு ஒடையாம மாவு கணக்கா இழுபடுமாம்யா. எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு எம்பொண்ணு கண்டுபுடிக்கிது" என்பார். இத்தனைக்கும் அவர் சொன்னது சரிதான்.

ஆனால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிபந்தனை உண்டு. பாறையிலிருந்து கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே அதன் மேல் வடக்கைக் காட்டும் அம்புக்குறி போட்டுவிட வேண்டும். அது இல்லாத கல், தான் இழுபட்டதைக் காட்டும். எந்தத் திசையில் என்று காட்டாது. ஆராய்ச்சிக்கு அப்படிப்பட்ட கல் தண்டம்.

ஆத்தூர்ப் பக்கத்து வெயிலில் வருஷக் கணக்காக அலைந்து, சாலையோரப் பாறை ஒன்றில் அவள் தேடியது கிடைத்தது. தேங்காய் அளவுக் கல். சிவப்புப் பெயின்ட்டில் அம்பு போட்டு, பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த ஒற்றைக் கல்லை நம்பித்தான் இருந்தது. சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் அறுத்து, மெல்லிய சீவலாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி ஸ்ரீதர் போன் செய்தான். அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்றான். நேரே வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஐஸ் பெட்டி இருந்தது. பையைப் படியோரம் இறக்கி வைத்தாள்.

அதன்பிறகு அவளுக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. பந்தல்காரருக்குப் பேசினாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். அப்பாவின் ஆதார் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அழ மட்டும் வரவில்லை. அம்மா அமிர்தம் மயங்கி மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தவளும் அவள்தான். அப்பாவின் அக்கா விருத்தாம்பாள் காதுபடவே சொன்னாள்: "ஒரு சொட்டுக் கண்ணீரு வருதா பாரு. ஜாஸ்தி படிச்சா இப்படித்தான்." சொல்பவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். சத்யாவுக்கு அதுவும் வலிக்கவில்லை.

கூடப் படிக்கும் காயத்ரி ஒருநாள் போன் செய்தாள். "சத்யா, ரோடு அகலம் பண்றாங்கன்னு ஒன் பாறைய வெடி வச்சு ஜல்லியாக்கிட்டாங்கடி. நல்லவேள, கல்லு ஒங்கிட்ட இருக்கு."

"ம். படியாண்டதான் இருக்கு" என்றாள் சத்யா. அவ்வளவுதான் பேச முடிந்தது.

கருமாதி அன்று எல்லோரும் கெடிலம் ஆற்றங்கரைக்குப் போனார்கள். செத்தவரை ஒரு கல்லில் வரவழைத்து, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்து, கடைசியில் ஆற்றில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். சடங்கு செய்பவர் கல்லைக் கேட்டார். தாய்மாமன் இளவரசு துண்டில் பொதிந்து வைத்திருந்ததை எடுத்து மணலில் ஊன்றினார்.

"இந்த ஊர்ல கல்லுக்கு எங்க போறது சாமி? தோண்டுனா மணலுதான். எல்லாரும் செங்கல்ல ஒப்பேத்துறாங்க. எங்க மாமாவுக்கு அப்படிச் செய்ய மனசு வரல. நல்லவேளையா வாசப்படியில ஏதோ பையிலேர்ந்து ஒண்ணு உருண்டு கெடந்துச்சு. கழுவி எடுத்தாந்துட்டேன்."

கல்லில் மஞ்சள் பூசினார்கள். மஞ்சளுக்கு அடியிலிருந்து சிவப்பு அம்பு தெரிந்தது. தன் கல் என்று புரிந்ததும் சத்யாவுக்கு முதலில் தோன்றியது, அம்பு தெற்கே பார்க்கிறதே என்பதுதான். வேறு எதுவும் தோன்றவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றார் சடங்கு செய்பவர். ஸ்ரீதர் கல்லைப் பார்த்து, "அப்பா, வாங்கப்பா" என்றான். பாலும் எண்ணெயும் ஊற்றினார்கள்.

மாமா, அது என் கல்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா பதறிப்போய் எடுத்துக் கொடுத்துவிடுவார். செங்கல் ஒன்று தேடினால் கிடைக்காமல் போகாது. அந்தப் பாறை இனி பூமியில் இல்லை. இந்தக் கல் போனால் கடைசி அத்தியாயமும் இல்லை. "மாமா" என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் அமிர்தம் கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வழிந்த எண்ணெயை முந்தானையால் ஒற்றினாள். "கண்ணுல எறங்குதுடா ஸ்ரீதரு, பாத்து ஊத்து" என்றாள். அவர் இருந்தபோதும் எண்ணெய்க் குளியல் நாட்களில் இப்படித்தான் கூடவே நின்று கத்துவாள்.

"என்னாம்மா கூப்ட்ட?" என்று இளவரசு திரும்பிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள் சத்யா.

ஸ்ரீதர் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பின்னால் விட்டான். தொபுக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமல் கரையேறிவிட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாது.

சத்யா பார்த்தாள். கலங்கல் தண்ணீரில் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. வெயிலில் அலைந்த அத்தனை வருஷமும் ஒருசேர நெஞ்சில் வந்து அடைத்தது. முதலில் விக்கலைப் போல ஒன்று வந்தது. பிறகு நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.

விருத்தாம்பாள் ஓடிவந்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அழுவுடி என் கண்ணு, நல்லா அழுவு. இத்தினி நாளா உள்ளயே வச்சிருந்திருக்கா பாரு எம்பொண்ணு. இப்பதான் எந்தம்பி மனசு குளுந்து போவான்" என்று தானும் சேர்ந்து அழுதாள்.

அத்தையின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்யா தேம்பினாள். கல்லுக்காகத்தான் அழுகிறாள் என்று அத்தைக்கு எப்படிச் சொல்வாள்? அப்பாவுக்கான அழுகை அவளுக்கு இன்னும் வரவில்லை.